எய்ட்ஸ் நிலையில் குடல் தொற்றுகள்: பெருங்குடல் புற்றுநோய்க்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி இது: எய்ட்ஸ் நிலை வரை போய், கிரிப்டோஸ்போரிடியம் (குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி), சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) போன்ற குடல் தொற்றுகளில் சிக்கி மீண்ட ஒருவருக்கு, பின்னாளில் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலா? கூடுதல் என்றால் எந்தப் பரிசோதனையை எப்போது செய்துகொள்ள வேண்டும்?

நேரடியாகச் சொன்னால், பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில் ஆபத்து குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஆசனவாய்ப் புற்றுநோய் விஷயத்தில் பல மடங்கு கூடுகிறது. இரண்டும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வரும் நோய்கள் என்பதால் ஒன்றின் கணக்கு மற்றதில் கலந்து, "எய்ட்ஸ் இருந்தால் குடல் புற்று வரும்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசப்படுகிறது. குடல் தொற்றுகளைப் பற்றிக் கவலைப்பட வேறொரு வலுவான காரணம் உண்டு. அவை புற்றைப் போலவே தோற்றம் காட்டும். உண்மையான புற்று இருக்கும்போது அதை மறைக்கவும் செய்யும்.

முதலில் இடத்தைப் பிரித்துக்கொள்வோம். மலக்குடலின் நீளம் ஏறத்தாழ 12 முதல் 15 செ.மீ. அதற்குக் கீழே 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள ஆசனவாய்க் குழாய். அந்தக் குழாயின் நடுவாக்கில் பல்வரிசை போல ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. கோட்டுக்கு மேலே குடலுக்கே உரிய சுரப்பிச் செல்கள். அங்கு வரும் புற்று பெரும்பாலும் அடினோகார்சினோமா. கீழே தோலைப் போன்ற தட்டைச் செல்கள். அங்கு வருவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. ஆசனவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. (பாப்பிலோமா) வைரஸ் குடியேறுவது தட்டைச் செல்களிலும், இரண்டு வகைச் செல்களும் சந்திக்கும் இடைப்பகுதியிலும்தான். புற்றுநோய்ப் பதிவேடுகளில் 'மலக்குடலின் ஸ்குவாமஸ் புற்று' என்று பதிவாகும் பலவும் உண்மையில் ஆசனவாயில் தொடங்கி மேலே பரவியவை. ஆகவே பயாப்ஸி (திசுச் சோதனை) அறிக்கை கைக்கு வந்தால் கட்டியின் இடத்தோடு செல் வகையையும் கேளுங்கள். ஆசனவாயின் ஸ்குவாமஸ் புற்றுக்கு முதல் சிகிச்சை கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்தது. அறுவை சிகிச்சை பெரும்பாலும் அது பலிக்காதபோதுதான். மலக்குடல் அடினோகார்சினோமாவுக்கு அறுவை சிகிச்சையே முதுகெலும்பு. கட்டியின் நிலையைப் பொறுத்து அதற்கு முன்பு கதிர்வீச்சும் கீமோவும். செல் வகையை மாற்றி வாசித்தால் சிகிச்சையே தடம் மாறிவிடும்.

எதிர்ப்பு சக்தி குறையும்போது எல்லாப் புற்றுநோய்களும் ஒரே அளவில் கூடுவதில்லை. வைரஸ் துணையோடு வரும் புற்றுகள்தான் எகிறுகின்றன: எச்.எச்.வி.-8 வைரஸால் கபோசி சார்கோமா (ரத்தக் குழாய்ச் செல்களின் புற்று), இ.பி.வி. வைரஸ் சார்ந்த நிணநீர்ப் புற்றுகள், எச்.பி.வி.யால் கருப்பைவாய், ஆசனவாய்ப் புற்றுகள், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களால் கல்லீரல் புற்று. இவற்றில் கபோசி, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றின் சில வகைகள், ஊடுருவிய கருப்பைவாய்ப் புற்று ஆகிய மூன்றும் எய்ட்ஸை வரையறுக்கும் நோய்கள். கருப்பைவாய்ப் புற்று 1993-இல் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடல் புற்று அந்தப் பட்டியலில் இல்லை. 2007-இல் லான்செட் இதழில் வந்த மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு), எச்.ஐ.வி. உள்ளவர்களையும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது. வைரஸ் சார்ந்த புற்றுகள் இரு தரப்பிலும் கூடியிருந்தன. பெருங்குடல் புற்று உறுப்பு மாற்று பெற்றவர்களிடம் ஓரளவு கூடியிருந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கூடவில்லை.

அப்படியானால் குடல் தொற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் ஏன் வருகின்றன? எய்ட்ஸ் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்துச் செய்யும் ஆய்வுகளை வாசிக்கும்போது மூன்று இடங்களில் சறுக்கலாம். ஒன்று, மேலே சொன்ன ஆசனவாய்க் கலப்பு. மலக்குடல் புற்று கூடியதாக ஓர் ஆய்வு சொன்னால், அடினோகார்சினோமாவைத் தனியாகப் பிரித்த அட்டவணையைத் தேடுங்கள். இரண்டாவது, கால வரிசை. பேதி, எடை இழப்பு, ரத்தப்போக்கு என்று மருத்துவமனைக்கு வந்தவரைத் தோண்டித் துருவிப் பார்க்கும்போது தொற்றும் புற்றும் ஒரே வாரத்தில் தெரியவரும். தொற்று புற்றை உண்டாக்கியது என்று இதற்குப் பொருளில்லை. அடினோமா என்ற சிறு பாலிப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டு அளவில் ஆகும். எய்ட்ஸ் தெரியவந்த சில மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட புற்று, அந்தத் தொற்றுக்கு முன்பே முளைத்தது. மூன்றாவது, உயிரோடு இருந்த காலம். 1996-இல் கூட்டு மருந்து சிகிச்சை வருவதற்கு முன், எதிர்ப்பு சக்தியைக் காக்கும் சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை 50-க்குக் கீழே போய் சி.எம்.வி. தாக்கியவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழ்ந்தார்கள். பத்தாண்டு எடுக்கும் புற்று அவர்களிடம் வெளிப்பட வாய்ப்பே இல்லை. அந்தக் காலத்துக் குறைந்த எண்ணிக்கையைப் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

குடலுக்குள் எச்.ஐ.வி. செய்யும் சேதம் நிஜம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சளிச்சவ்வின் சி.டி.4 அணுக்கள் பெருமளவில் அழிகின்றன. ரத்தத்தில் எண்ணிக்கை விழுவதற்கு வெகு முன்பே இது நடந்துவிடும். குடல் சுவரின் காவலான டி.எச்.17 அணுக்கள் குறைய, பாக்டீரியாக்களின் துண்டுகள் ரத்தத்தில் கசிகின்றன. அதனால் உடலெங்கும் நீடித்த அழற்சி. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை) இதைப் பெரிதும் குறைக்கிறது, முழுவதுமாகச் சரிசெய்வதில்லை. நீடித்த அழற்சி புற்றுக்குத் துணைபோகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டதுதான். ஆனாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் பெருங்குடல் புற்று எண்ணிக்கையில் அது எதிரொலிக்கவில்லை.

பெருங்குடல் புற்றோடு வலுவாகப் பேசப்படும் கிருமிகளுக்கும் எய்ட்ஸுக்கும் தனி உறவு கிடையாது. வாயில் வாழும் ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், 2012 முதல் பெருங்குடல் கட்டித் திசுக்களில் தொடர்ந்து கண்டறியப்படுகிறது. கட்டிச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரையைப் பற்றிக்கொண்டு அங்கே தங்குகிறது. கோலிபேக்டின் என்ற நச்சைச் சுரக்கும் இ.கோலி வகைகள் டி.என்.ஏ.வில் அடையாளம் காணத்தக்க வடுவை விடுகின்றன. நச்சு சுரக்கும் பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸும் இந்த வரிசையில் உண்டு. இவை யாருக்கும் இருக்கலாம். இவற்றைத் தேடி மலப் பரிசோதனை செய்துகொள்வதால் இன்றைக்குச் சிகிச்சையில் எதுவும் மாறாது. அந்தப் பணத்தை, பெருங்குடல் முழுவதையும் கருவி விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு வையுங்கள். விதிவிலக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் (பழைய பெயர் போவிஸ்). ரத்த கல்ச்சரில் இது வளர்ந்தால், குடல் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், உடல்நிலை தேறியதும் கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். இதயத் தொற்றும் இருக்கிறதா என்று எக்கோவில் பார்க்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் செப்டிகம் வளர்ந்தாலும் கொலனோஸ்கோபி வேண்டும்.

கிரிப்டோஸ்போரிடியம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எதிர்ப்பு சக்தி நீக்கப்பட்ட எலிகளில் இந்த ஒட்டுண்ணி குடல் அடினோகார்சினோமாவை உண்டாக்கியிருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் உறுதியான முடிவு அது. மனிதர்களில், பெருங்குடல் புற்று உள்ளவர்களின் மலத்திலோ திசுவிலோ இது கூடுதலாகத் தென்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் புற்றும் கீமோவும் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால் எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. இதனால் கொலனோஸ்கோபி அட்டவணையை மாற்றத் தேவையில்லை என்பது என் கணிப்பு. செய்ய வேண்டியது தொற்றைக் கண்டுபிடித்து முடிப்பது. சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடும். "மாற்றியமைத்த ஆசிட் ஃபாஸ்ட் சாயம்" அல்லது ஆன்டிஜென், பி.சி.ஆர். என்று சீட்டில் தனியாக எழுதித்தான் வாங்க வேண்டும். இதன் முட்டை போன்ற உருண்டைகள் 4 முதல் 6 மைக்ரான்தான். அதே சாயத்தில் சிஸ்டோஐசோஸ்போரா எனும் இன்னொரு ஒட்டுண்ணியும் தெரியும். அது நீளவாக்கில், பல மடங்கு பெரியது, கோட்ரைமாக்ஸசோலுக்குக் கட்டுப்படும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு உண்மையான மருந்து ஏ.ஆர்.டி.தான், நைட்டசோக்சனைடு துணைக்குத் தரப்படும், சி.டி.4 ஏறாதவரை அதை மட்டும் நம்ப முடியாது. குடிநீரில் கலக்கும் குளோரின் இதைக் கொல்லாது. தண்ணீர் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

இனி, புற்றைப் போல ஏமாற்றும் தொற்றுகள். சி.டி.4 50-க்குக் கீழே உள்ளவரிடம் சி.எம்.வி. ஆழமான புண்களை உண்டாக்கும்; சில சமயம் திரண்ட கட்டியாகவே தெரியும். ஒரு பகுதியினரிடம் வலப்பக்கக் குடலில் மட்டும் இருக்கும் என்பதால், கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி போதாது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் காசநோய் சுவரைத் தடிக்கவைத்துப் பாதையைக் குறுக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் அதே இடத்தில் கட்டியாகத் தோன்றலாம். அமீபா சிலரிடம் 'அமீபோமா' என்ற கட்டியாகத் திரளும். மலக்குடலில், பாலுறவால் தொற்றும் எல்.ஜி.வி. வகைக் கிளமிடியாவும் சிஃபிலிஸும் ரத்தம், சீழ், மலம் கழித்தும் தீராத உந்தல், விரலில் தட்டுப்படும் கடினமான கட்டி என்று அச்சு அசலாக மலக்குடல் புற்றைப் போலவே நடிக்கும். எல்.ஜி.வி.க்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இரு வேளை, 21 நாள். அதைக் கண்டுபிடிக்கும் ஸ்வாப் பரிசோதனை செய்யாமல் அறுவை சிகிச்சை வரை போய்விடும் ஆபத்து உண்டு. கபோசியும் லிம்போமாவும் தொற்றல்ல, ஆனால் அவையும் இதே வரிசையில் யோசிக்கப்பட வேண்டியவை. கபோசி முடிச்சுகள் சளிச்சவ்வுக்கு அடியில் இருப்பதால் மேலோட்டமான பயாப்ஸியில் வராமல் போகலாம்.

ஆகவே கண்ணால் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, திசு வேண்டும். புண்ணின் விளிம்பிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் தனித்தனியாக, மொத்தம் ஆறு எட்டுத் துண்டுகளாவது எடுப்பது நல்லது. அடிப்பகுதியை விட்டுவிட்டால் சி.எம்.வி. தப்பிவிடும்; விளிம்பை விட்டுவிட்டால் புற்று தப்பிவிடும். எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு கல்ச்சர் கேட்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். காசநோய், பூஞ்சைக் கல்ச்சருக்கும் பி.சி.ஆருக்கும் இரண்டு துண்டுகளை ஃபார்மலின் இல்லாமல், சலைனில் உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சி.டி.4 மிகக் குறைந்தவரிடம் காசநோய் வழக்கமான கிரானுலோமா எனும் அழற்சி முடிச்சைக் காட்டாமலும் இருக்கும். அதனால் "கிரானுலோமா இல்லை" என்ற வரியைப் பார்த்துக் காசநோயை விலக்கிவிடாமல், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போடச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறுதான் உயிரைக் குடிப்பது. பயாப்ஸியில் சி.எம்.வி. வந்துவிட்டது, அதற்கான கான்சைக்ளோவிர் மருந்து தொடங்கியாயிற்று, பேதி பாதி குறைந்தது, மீதியையும் தொற்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கட்டியோ குறுகலோ தெரிந்த இடத்தைச் சிகிச்சை முடிந்தபின் மறுபடி கொலனோஸ்கோபியில் பார்க்க வேண்டும். ஆறிய தொற்றுக்குப் பின்னும் அந்த மேடு அப்படியே இருந்தால் மீண்டும் பயாப்ஸி. தொற்று ஒழிந்தது உறுதியான பிறகும் ஆறு வாரத்துக்கு மேல் மலப்போக்கு மாறியே இருந்தால், மலத்தோடு கலந்து ரத்தம் வந்தால், "மூலம்தான்" என்று களிம்பு எழுதி அனுப்புவதை ஏற்காதீர்கள்.

ரத்தசோகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலப்பக்கக் குடல் புற்று கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து இரும்புச் சத்துக் குறைவை உண்டாக்கும். அப்போது சிவப்பணுக்கள் சிறுத்து எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) குறையும். ஆனால் ஸிடோவுடின் எனும் எச்.ஐ.வி. மருந்து சிவப்பணுவைப் பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் எம்.சி.வி. சரியான அளவில் நிற்கும். யாருக்கும் சந்தேகமே வராது. அழற்சி இருக்கும்போது, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பொய்யாக ஏறி நிற்கும். ஆகவே டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷனையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குடலைச் சோதிக்கும் கேள்வி எழ வேண்டும். இரும்பு மாத்திரை தொடங்கினால், டோலுடெக்ராவிர் எனும் எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர் அதை இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ விழுங்க வேண்டும். இரண்டையும் உணவோடு சேர்த்து ஒன்றாக எடுத்தாலும் சரி. வெறும் வயிற்றில் ஒன்றாக எடுத்தால் இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கான பரிசோதனை அட்டவணை பொதுமக்களுக்கு உள்ளதேதான்: அந்தந்த நாட்டின் வழிகாட்டுதலைப் பொறுத்து 45 அல்லது 50 வயதில் தொடங்கி, ஃபிட் எனும் மல ரத்தச் சோதனை ஆண்டுக்கொரு முறை, அல்லது கொலனோஸ்கோபி சரியாக இருந்தால் பத்து ஆண்டுக்கொரு முறை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக. மலக்குடல் அழற்சி உள்ளவரிடம் ஃபிட் வீணாகப் பாசிட்டிவ் காட்டும் என்பதால் அதை முதலில் குணப்படுத்துவது நல்லது. கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால் ஃபிட் தேவையில்லை, நேராகக் கொலனோஸ்கோபி. சி.டி.4 ஐம்பதில் கிடந்து உயிருக்குப் போராடுபவருக்கு, அறிகுறி இல்லாத நிலையில், இந்தப் பரிசோதனை அவசரம் இல்லை, ஏ.ஆர்.டி. பிடித்து, எண்ணிக்கை ஏறட்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தப் பரிசோதனைகளைத் தவறவிடுவதும், புற்று வந்தபின் மற்றவர்களைவிடக் குறைந்த காலம் வாழ்வதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆபத்து கூடவில்லை என்பது அலட்சியமாக இருக்க உரிமை தருவதில்லை. புகை, மது, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி ஆகியவை எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் புற்றின் ஆபத்தைக் கூட்டுபவை. அவற்றைக் குறைப்பதில் கிடைக்கும் பலன், பழைய தொற்றுகளைப் பற்றிக் கவலைப்படுவதில் கிடைக்காது.

கொலனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தம் செய்வதில் சோடியம் பாஸ்பேட் மருந்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக டெனோஃபோவிர் டிசோப்ராக்ஸில் எனும் எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர்கள். இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசல் பாதுகாப்பானது. பாதியை முந்தைய மாலையும், மீதியைச் சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால் வலப்பக்கக் குடல் நன்றாகச் சுத்தமாகும். தட்டையான பாலிப்புகள் ஒளிந்திருப்பது அங்கேதான். ஏ.ஆர்.டி. மாத்திரையை அந்த நாளிலும் விடக் கூடாது. ஆனால் கரைசல் குடிக்கும் நேரத்தோடு ஒட்டி எடுத்தால் அடித்துக்கொண்டு போய்விடும், ஆகவே சில மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மக்னீசியம் கலந்த பேதி மருந்துக்கும் டோலுடெக்ராவிருக்கும் மேலே சொன்ன 2 மணி, 6 மணி இடைவெளியே. எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவரிடம் மிடாசோலம் மருந்தின் மயக்கம் நீண்டு, மூச்சு குறையலாம். மயக்க மருத்துவரிடம் மருந்துப் பட்டியலை முன்கூட்டியே காட்டுங்கள்.

புற்று உறுதியானால், எச்.ஐ.வி. இருப்பதற்காகச் சிகிச்சையைக் குறைக்க வேண்டியதில்லை. வைரஸ் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு வழக்கமான முழு அளவுதான். மாற்ற வேண்டியது ஏ.ஆர்.டி.யாக இருக்கலாம். ஸிடோவுடின் எலும்பு மஜ்ஜையை அடக்கும், கீமோவும் அடக்கும். இரண்டும் சேரக் கூடாது. எச்.ஐ.வி. மருந்தான அட்டாசனாவிர், ஐரினோடெகான் எனும் கீமோ மருந்தின் வீரியமுள்ள பொருளை உடலில் தேங்கவிட்டுக் கடும் பேதியையும் வெள்ளணுக் குறைவையும் தரும். ரிட்டோனாவிரும் கோபிசிஸ்டாட்டும் அதே வம்பு. டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் சார்ந்த கூட்டுக்கு மாறினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவரிடம் டெனோஃபோவிர் இல்லாத கூட்டுக்கு மாற்றிவிடாதீர்கள், கல்லீரல் அழற்சி வெடிக்கும். கீமோவிலும் இடுப்புக் கதிர்வீச்சிலும் சி.டி.4 எண்ணிக்கை சரியும். 200-க்குக் கீழே போவதற்குக் காத்திருக்காமல் கோட்ரைமாக்ஸசோல் தடுப்பைத் தொடங்குவது வழக்கம்.

கடைசியாக ஆசனவாய். பொதுமக்களிடம் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்தப் புற்று, எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 85 அளவிலும், எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் 22 அளவிலும் இருப்பதாக 2021-இல் வந்த மெட்டா பகுப்பாய்வு கணக்கிட்டது. 2022-இல் வெளியான ஆங்கர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் புற்றுக்கு முந்தைய கடும் மாற்றங்களைக் கண்டு நீக்கியபோது புற்று 57 சதவீதம் குறைந்தது. இதை ஒட்டி, எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் 35 வயதிலும், எச்.ஐ.வி. உள்ள மற்றவர்கள் 45 வயதிலும் பரிசோதனை தொடங்கலாம் என்பது 2024 பன்னாட்டு வழிகாட்டுதல். ஆசனவாயிலிருந்து ஸ்வாப் எடுத்து செல் பரிசோதனையோ எச்.பி.வி. பரிசோதனையோ, கோளாறு என்றால் உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து பயாப்ஸி. அந்தக் கருவி இல்லாத ஊரில் ஆண்டுக்கொரு முறை மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பதாவது நடக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டியை விரல் கண்டுபிடித்துவிடும். வழக்கமான கொலனோஸ்கோபியில் இந்தப் பகுதியைக் கருவி சட்டென்று கடந்துபோய்விடும் என்பதால், "கொலனோஸ்கோபி சரியாக இருந்தது" என்ற அறிக்கையை ஆசனவாய்க்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது. எச்.பி.வி. தடுப்பூசி எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்று தவணை: முதல் நாள், ஒன்று அல்லது இரண்டு மாதத்தில், ஆறாவது மாதத்தில். இளம் வயதில், வைரஸ் தொற்றுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றத்தை அது குணப்படுத்தாது.